நீங்களே செய்ததா?

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் பாலும் வெண்ணெயும் இருக்கிற குளிர் அலமாரிப் பக்கம் போனால், உருளை உருளையாக அட்டை டப்பாக்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது பிசைந்து, வட்டமாக வெட்டித் தயாராக வைத்த மைதா மாவு. மேல் காகிதத்தை உரித்துவிட்டு, அட்டை ஒட்டியிருக்கும் கோட்டில் ஒரு ஸ்பூனை வைத்து அழுத்தினால் 'டப்' என்று வெடிக்கும். பயப்பட வேண்டாம், திறக்கிற முறையே அதுதான். வில்லை வில்லையாக வெளியே வருவதைத் தட்டில் அடுக்கி ஓவனில் தள்ளினால் கால் மணி நேரத்தில் பிஸ்கட் ரெடி.

பிஸ்கட் என்றதும் டீயில் தோய்த்து, பாதி உள்ளே விழுந்து, ஸ்பூனால் தேடுகிற சமாசாரம் ஞாபகத்துக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இது அமெரிக்கத் தென் மாநிலங்களின் பிஸ்கட். மேலே லேசான மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரிகிற மெத்தை. நம் பன்னுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் வெண்ணெயும் தேனும் தடவியோ, கறித்துண்டு போட்ட ஒரு வெள்ளைக் குழம்பை மேலே ஊற்றியோ சாப்பிடுவார்கள். நமக்கு இட்லி எப்படியோ அவர்களுக்கு அது. அதாவது, 'எங்க அம்மா செய்யற மாதிரி வராது' என்று சொல்லப்படுகிற அயிட்டம்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் லைவ்லி வில்லபி என்ற பேக்கரிக்காரர் இந்த டப்பா மாவுக்கு 1931-ல் பேட்டன்ட் வாங்கினார். மாவு டப்பாவுக்குள்ளேயே கொஞ்சம் உப்பி, இருக்கிற காற்றை வெளியே தள்ளி, தன்னைத் தானே இறுக்கி மூடிக்கொள்ளும். அந்த அழுத்தம்தான் 'டப்'. முதலில் விற்றது அதே ஊர் பாலர்ட் அண்ட் பாலர்ட் மாவு கம்பெனி. அதை 1951-ல் பில்ஸ்பரி வாங்கியது. பில்ஸ்பரியை 2001-ல் ஜெனரல் மில்ஸ் வாங்கியது. சின்ன மீன், பெரிய மீன்.

பிஸ்கட்டோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை தேவையில்லை. அந்த வில்லைகளை வைத்து என்னென்னவோ செய்ய ஆரம்பித்தார்கள். நாலாக வெட்டி, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டி, நடுவில் ஓட்டை உள்ள கேக் பாத்திரத்தில் குவித்து, வெண்ணெயும் நாட்டுச்சர்க்கரை மாதிரி ஒரு பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றி வேக வைத்தால் 'மங்க்கி பிரெட்'. நடுவில் பாட்டில் மூடியால் ஓட்டை போட்டு எண்ணெயில் பொரித்தால் டோநட். கோழி சூப் கொதிக்கும்போது பிய்த்துப் பிய்த்துப் போட்டால் டம்ப்ளிங். தட்டி, தக்காளிச் சாறு தடவி, சீஸ் தூவினால் குட்டிப் பீட்ஸா.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே குடியேறிய இந்தியக் குடும்பங்கள் அதே வில்லையைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து எண்ணெயில் போட்டன. பூரி மாதிரி புஸ்ஸென்று எழும்பியது. பட்டூரா! பிஸ்குவிக் என்ற கலவை மாவில் பால் பவுடரைச் சேர்த்து குலாப் ஜாமூன் செய்வது அங்கே கிட்டத்தட்ட ஒரு பாரம்பரியமாகவே ஆகிவிட்டது.

சனிக்கிழமை விருந்து. சன்னா மசாலாவோடு நாலு பட்டூரா உள்ளே தள்ளிவிட்டு ஒருவர் கேட்கிறார்: "பிரமாதம்! நீங்களே செய்ததா?"

என்ன பதில் சொல்வது? 'ஆமாம்' என்றால் பொய்யா? 'இல்லை' என்றால், தேய்த்ததும் பொரித்ததும் யார்? குப்பைத்தொட்டியில் கிடக்கும் காலி டப்பாவின் மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடுகிற கையில் இருப்பது குற்றமா, கூச்சமா?

அரசாங்கத்துக்கே இதில் குழப்பம் உண்டு. பாக்கெட் பரோட்டா, சப்பாத்தியைப் போன்றதுதானா என்ற கேள்வி 2020-ல் கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்துக்குப் போனது. வாங்கின பிறகு வீட்டில் சூடு பண்ண வேண்டியிருக்கிறதே, அப்படியானால் அது ரொட்டி வகையே இல்லை, 5 சதவீதம் பற்றாது, 18 போடு என்றார்கள். பரோட்டா ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த வரி 2025 செப்டம்பர் 22-ல்தான் அடியோடு போனது. பாதி செய்த பண்டத்துக்குப் பெயர் வைப்பது அவ்வளவு கஷ்டம்.

வரி கிடக்கட்டும். கூச்சத்துக்கு வருவோம்.

பி.காம். படித்தவர்களுக்கு மார்க்கெட்டிங் பாடத்தில் மேசன் ஹேர் என்கிற பெயர் எங்காவது தட்டுப்பட்டிருக்கும். 1950-ல் அவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். இரண்டு மளிகை லிஸ்ட். மாட்டிறைச்சிக் கொத்துக்கறி, ரொட்டி, கேரட், பேக்கிங் பவுடர், டப்பா பீச் பழம், உருளைக்கிழங்கு. எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒரே ஒரு வித்தியாசம்: ஒன்றில் டிகாக்‌ஷன் போடுகிற காபித்தூள், இன்னொன்றில் வெந்நீரில் கரைக்கிற இன்ஸ்டன்ட் காபி. ஆளுக்கு ஒரு லிஸ்ட்டாக, ஐம்பது ஐம்பது பெண்களிடம் காட்டி, 'இதை எழுதிய குடும்பத்தலைவி எப்படிப்பட்டவள் என்று சொல்லுங்கள்' என்றார்.

இன்ஸ்டன்ட் காபிக்காரியை 48 சதவீதம் பேர் சோம்பேறி என்றார்கள். டிகாக்‌ஷன்காரியை அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம். இன்ஸ்டன்ட்காரி நல்ல மனைவி இல்லை என்றுகூட 16 சதவீதம் பேர் சொன்னார்கள். மற்றவளைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு காபித்தூளை வைத்துக் குடும்ப வாழ்க்கையே கணக்குப் பார்த்தாகிவிட்டது!

இதில் எல்லோரும் காபியைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த லிஸ்ட்டில் சுவாரஸ்யமான அயிட்டம் பேக்கிங் பவுடர். இரண்டு லிஸ்ட்டிலும் இருந்தது. அதைப் பார்த்து எவரும் மூக்கைச் சுளித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதுவே ஒரு பெரிய குறுக்கு வழி. ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு 1856-ல் பேட்டன்ட் வாங்கிய பாஸ்பேட் உப்பிலிருந்து வளர்ந்த சமாசாரம். லிஸ்ட்டில் இருந்த ரம்ஃபோர்டு பிராண்டே அவர் ஆரம்பித்த கம்பெனியுடையது. இப்படிப்பட்ட ரசாயன வசதிகள் வருவதற்கு முன்னால் மாவு உப்ப வேண்டும் என்றால் ஈஸ்ட் போட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிக்க வேண்டும்.

அடிப்பது என்றால் நிஜமாகவே அடிப்பது. 'பீட்டன் பிஸ்கட்' என்று தென் மாநிலங்களில் ஒன்று இருந்தது. மாவை ஒரு மரக்கட்டையின் மேல் போட்டு, சுத்தியலாலோ கோடரிக் காம்பாலோ அரை மணி நேரம் விடாமல் அடிக்க வேண்டும். மாவில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று ஏறும்வரை. விருந்தாளி வருகிற நாள் என்றால் இன்னும் அதிகம். பண்ணை வீடுகளில் அந்த பிஸ்கட் கௌரவத்தின் அடையாளம். வீட்டு எஜமானியின் கைமணம் என்று புகழ் பரவும்.

கை எஜமானியுடையது அல்ல. அடித்தது அடிமைகள். விடிவதற்கு முன் எழுந்து, கூலி என்ற ஒன்றே இல்லாமல், யாருடைய விருந்துக்கோ.

அந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து 'நீங்களே செய்ததா?' என்று ஒருவர் கேட்டிருந்தால் எஜமானியம்மாள் கூசாமல் ஆமாம் என்றிருப்பாள். டப்பா வாங்குகிறவளுக்கு வருகிற கூச்சம் அவளுக்கு வந்திருக்காது. வேலையை இயந்திரத்திடம் தள்ளினால் சோம்பேறி. மனிதரிடம் தள்ளினால் குடும்பப் பாங்கு! இந்தக் கணக்கு எந்த ஆடிட்டருக்கும் புரியாது.

அமெரிக்கா என்றில்லை. 'அந்தக் காலத்துக் கைப்பக்குவம்' என்று நாம் பெருமூச்சு விடும்போதும், அந்தக் கை யாருடையது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கலாம். பாட்டியினுடையதுதானா? பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைத்தவர், தினமும் பின்வாசல் வழியாக வந்துபோன இன்னொரு அம்மாவா? பல வீடுகளில் அந்த அம்மாவின் பெயர் பேரன் பேத்திகளுக்குத் தெரியாது. இட்லியின் மென்மை மட்டும் தெரியும்.

பிஸ்குவிக்கின் கதையிலும் ஒரு பெயர் இல்லை. கம்பெனி சொல்கிறபடி, 1930-ல் அவர்களுடைய விற்பனை அதிகாரி ஒருவர் ரயிலில் போகும்போது, நேரங்கெட்ட நேரத்தில் சூடான பிஸ்கட் வந்ததைப் பார்த்து அசந்து போனார். எப்படி என்று உள்ளே போய் விசாரித்தார். ரயில் சமையல்காரர் மாவு, கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார். அதிகாரி ஊருக்குப் போய் அதைச் சரக்காக்கினார். கோடிக்கணக்கில் விற்ற அந்தச் சரக்கின் கதையில் சமையல்காரர் வெறும் சமையல்காரர்தான்.

அவர் சோம்பேறியா? ஆடுகிற ரயிலில், ஓர் ஆள் நிற்கிற சந்து போன்ற சமையலறையில் ஒரு பெட்டி ஜனத்துக்குச் சமைக்கிறவர். குறுக்கு வழியைக் கண்டுபிடிப்பதே வேலை தெரிந்தவன்தான். நாள் பூராவும் அடுப்படியில் நிற்காதவருக்கு அதன் தேவை எங்கே தெரியப் போகிறது?

சரி, அப்படியானால் பாக்கெட்டைக் குறை சொல்கிற எல்லோருமே வேலை செய்யாதவர்கள்தானா? அப்படிச் சொல்லி முடித்துவிட ஆசைதான். ஆனால் மேசன் ஹேர் இடிக்கிறார். சோம்பேறி என்று சொன்னது சாய்வு நாற்காலி ஆண்கள் அல்ல, பெண்கள். அநேகமாகத் தாங்களே டிகாக்‌ஷன் இறக்கியவர்கள்.

காமர்ஸ்காரர்கள் 'ஸங்க் காஸ்ட்' என்பார்கள். போட்ட முதல், திரும்பி வராது, அதை நினைத்து இன்றைய முடிவை எடுக்காதே என்பது பாடம். பரீட்சையில் எழுதுவது சுலபம். இருபது வருஷம் விடியற்காலையில் எழுந்து அரைத்த ஒரு பெண்ணிடம் போய், 'இதெல்லாம் முப்பது ரூபாய் பாக்கெட்டில் முடிகிற விஷயம்மா' என்று சொல்லிப் பாருங்கள். அந்த இருபது வருஷமும் அந்த நொடியில் வெட்டி வேலையாகிவிடுகிறது. மருமகள் கொண்டுவரும் மாவுப் பாக்கெட்டைப் பார்த்து மாமியார் முகம் சுருங்குகிறதே, அதில் புளிப்பு, சோடா, ருசி எல்லாம் மேல்பேச்சு. அடியில் இருப்பது வேறு கேள்வி: 'அப்ப நான் செஞ்சதெல்லாம்?' அந்தக் கேள்விக்கு அவருக்கு உரிமை உண்டு. அவர் மருமகளிடம் கேட்பதுதான் தப்பு. கேட்க வேண்டியது, அந்த இருபது வருஷமும் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு 'உப்பு கம்மி' என்று மட்டும் சொன்ன ஆட்களிடம். (அந்த ஆட்கள்தான் இன்று 'பாக்கெட் மாவில் அந்த ருசி இல்லை' என்றும் சொல்கிறார்கள்.)

1970-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டபடி, அதே லிஸ்ட் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது இன்ஸ்டன்ட்காரியின் மேல் இருந்த கறை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. அதற்குள் பல வீடுகளில் இன்ஸ்டன்ட் வந்துவிட்டது. நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின நாள் ஜாமூன் மிக்ஸ் பாக்கெட் வாங்குகிறவரை யாரும் 'கோவா காய்ச்சவில்லையா?' என்று கேட்பதில்லை அல்லவா, அதுபோல. எல்லோரும் செய்தால் அது தப்பில்லை. யாராவது முதலில் செய்து திட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் டப்பாவில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. உப்பும் கொழுப்பும் அதிகம் என்பதெல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் உறுத்தல் வேறு. வீட்டில் மாவு கலந்து பிஸ்கட் செய்ய உண்மையில் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ஆகும். டப்பா மிச்சப்படுத்துகிற நேரம் அவ்வளவே. அப்புறம் ஏன் இத்தனை விற்கிறது? தோற்காமல் இருக்கலாம் என்பதற்காக. பிஸ்கட் மாவைக் கொஞ்சம் அதிகமாகப் பிசைந்தால் ரப்பர், வெண்ணெய் இளகினால் ஏடு வராது. நாலைந்து தடவை கெடுத்தால்தான் கைக்கு அளவு பிடிபடும். டப்பா அந்த நாலைந்து தடவையை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. உளுந்து பொங்கிவிட்டதா என்று விரலால் தொட்டுச் சொல்கிற வித்தையும் இப்படித்தான் வருகிறது, இப்படித்தான் போகிறது. அது போவது நஷ்டமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த நஷ்டத்துக்குக் கண்ணீர் விடுகிறவர் வாரத்துக்கு ஒரு நாளாவது தானே அரைத்துப் பார்க்கட்டும். ஆண், பெண், யாராக இருந்தாலும்.

விருந்துக்கு வந்தவரின் கேள்வி இன்னும் நிற்கிறது. டப்பா என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. மறைத்தால் அடுத்த வீட்டுப் பெண்ணும் 'அவளால் முடிகிறதே, நம்மால் முடியவில்லையே' என்று மருகுவாள். மறைக்கிற டப்பா ஒவ்வொன்றும் இன்னொருத்திக்கு வைக்கிற பரீட்சை.

நம் ஊர்க் கடைகளில் இந்த டப்பா சாதாரணமாகக் கிடைக்காது. ஓவன் உள்ளவர்கள் நீள வழியில் முயலலாம். இரண்டு கப் மைதா, ஒரு மேஜைக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் டீஸ்பூன் உப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி வெண்ணெய் ஆறு மேஜைக்கரண்டி, துண்டு துண்டாக்கி விரல் நுனியால் உதிர்த்துக் கலக்க வேண்டும். முக்கால் கப் குளிர்ந்த பால். சேர்ந்தால் போதும், பிசையக் கூடாது. ஓர் அங்குல கனத்துக்குத் தட்டி, டம்ளரால் வட்டமாக அழுத்தி எடுத்து, 220 டிகிரி செல்சியஸில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம். முதல் தடவை கல்லாகத்தான் வரும். அப்போது மட்டும் யாரும் நீங்களே செய்ததா என்று கேட்க மாட்டார்கள்.