கூலியில்லா ஓட்டம்

ஹட்டன் டன்பார் மைதானத்திலோ டிக்கோயா வீதியின் ஓரத்திலோ, விடியற்காலைப் பனிமூட்டத்திலே ஒருவர் ஓடிக்கொண்டு போவதைக் கண்டால், நம்மவர்கள் முதலில் கேட்பது "என்ன அவசரமாம்?" என்பதுதான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார் என்றால் விளங்குகிறது. வைத்தியரை அழைத்துவர ஓடுகிறார் என்றாலும் விளங்குகிறது. ஒரு காரியமுமின்றிச் சும்மா ஓடுகிறார் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறோம். வேலையற்றவர் என்று வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்பார்ந்த வாசகர்களே, இந்தத் தலையாட்டலை எளிதாகப் பழித்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் நமது மக்களின் இருநூறு வருடக் கதை இருக்கிறது.

மலையகத்திலே உடம்பின் அசைவு என்பது நிறுக்கப்படும் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மலை ஏற வேண்டும், இறங்க வேண்டும். பறித்த கொழுந்து தராசில் ஏற வேண்டும். தோட்டம் கேட்ட கிலோ வந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். எத்தனை அடி நடந்தாள், எத்தனை முறை வழுக்கினாள் என்பதற்கெல்லாம் கணக்கில்லை; தராசு காட்டியது மாத்திரமே கணக்கு. நமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்ததும் கூலிக்காகத்தான். அந்த வழியையே 2023 ஆடி, ஆவணி மாதங்களிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நமது மக்கள் மீண்டும் நடந்து நினைவுகூர்ந்தார்கள்.

ஓடுவதற்கோ இன்னும் கசப்பான பொருள் இருந்தது. துண்டு முறை நடைமுறையில் இருந்த காலத்தில், கடனைத் தீர்த்துத் துண்டு பெறாமல் ஒருவன் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனவனுக்கு 'ஓடிப்போனவன்' என்று பெயர். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொல் மாத்திரம் நெடுங்காலம் நின்றது. ஓடத்தக்கவன் என்று தோட்டம் ஏற்றுக்கொண்ட மற்றொருவன் துரையின் தபாலைச் சுமந்து போகும் தப்பால்காரன். ஆக, ஒன்று துரைக்காக ஓட வேண்டும், இல்லையேல் துரையிடமிருந்து ஓட வேண்டும். மகிழ்ச்சிக்காக ஓடுவதற்கு இடமே இருக்கவில்லை.

ஆகவே, கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் போய், "அம்மா, தினமும் ஓடுங்கள், உடம்புக்கு நல்லது" என்று உபதேசிப்பவர் புத்தியுள்ளவராக இருக்க முடியாது. அவருக்குத் தேவை ஓய்வு. அந்த ஓய்வையும் கூலியையும் கேட்டுப் போராடுவது வேறு கட்டுரைக்குரிய விஷயம்.

ஆனால் அந்தத் தாயின் பிள்ளைகளைப் பாருங்கள். மகன் ஹட்டன் நகரத்துக் கடையில் கல்லாவில் இருக்கிறான், அல்லது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். மகள் ஆசிரியை, அல்லது கொழும்பில் கணினிக்கு முன்னால் இருக்கிறாள். ஒரே தலைமுறையில் கால்கள் ஓய்ந்துவிட்டன. உணவோ மாறவில்லை. அதே சோறு, அதே கோதுமை ரொட்டி, சீனி போட்ட அதே பிளேன்ரீ. மலை ஏறுகிறவளுக்கு அளந்த சாப்பாட்டை நாற்காலியில் இருப்பவன் சாப்பிடுகிறான். நாற்பது வயதில் நீரிழிவு, நாற்பத்தைந்தில் இரத்த அழுத்தம் என்பது நமது குடும்பங்களிலே சாதாரணச் செய்தியாகிவிட்டது. வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடற்பயிற்சியோ, 75 நிமிடமேனும் கடுமையான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. நாளொன்றுக்குப் பதினொரு நிமிட ஓட்டம் போதும் என்று ஆகிறது. அது கூட நமக்கு ஏன் முடிவதில்லை?

பயம் போதாதா என்றால், போதாது. வைத்தியர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி எச்சரிக்கிறார். மறுநாள் காலை ஐந்து மணிக்கே புதுச் சப்பாத்து தயார். பத்து நாள் நடக்கும். பதினோராம் நாள் மழை; பன்னிரண்டாம் நாள் உறவினர் வீட்டுக் கலியாணம்; அதன்பின் சப்பாத்து கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. பயம் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பக்கூடும். தொடர்ந்து எழுப்பும் வல்லமை அதற்கில்லை, ஏனெனில் பயம் தணிந்தவுடன் காரணமும் போய்விடுகிறது. சீனி குறைந்தது என்று தாள் சொன்ன அன்றே ஓட்டத்தை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்!

புகழும் அப்படியே. பாடசாலைகளிலே வருடா வருடம் இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது மரதன் ஓட்டம் வைக்கிறார்கள். பல பிள்ளைகள் ஒரு நாள் பயிற்சியும் இன்றி வெயிலில் இறங்கி, இல்லத்துக்குப் புள்ளி எடுப்பதற்காக மூச்சு முட்ட ஓடுகிறார்கள். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் அத்தகைய ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பெற்றோரும் ஆசிரியரும் மறக்கக் கூடாத செய்தி அது. பயிற்சியின்றிப் போட்டிக்கு அனுப்புவது வீரமல்ல. புள்ளிக்காக ஓடிய பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பாடசாலையை விட்டபின் ஒரு நாளாவது ஓடுகிறதா? எண்ணிப் பார்க்க ஆளில்லாதபோது ஓடவும் காரணமில்லை என்றுதான் நாம் அதற்குக் கற்பித்திருக்கிறோம்.

இங்கேதான் அரிஸ்டாட்டில் நமக்கு உதவிக்கு வருகிறார். குருமடத்திலே பிரம்பின்றி நம்மை அடக்கிய மனிதர் அவர்! வீடு கட்டுபவன் கட்டிக் கட்டியே கொத்தனாகிறான். யாழ் மீட்டுபவன் மீட்டி மீட்டியே கலைஞனாகிறான். நற்பண்பும் அப்படியே செய்து செய்தே வருகிறது என்பது அவருடைய ஒழுக்கவியலின் அடிப்படை. அதோடு ஒரு நுட்பமான அளவுகோலையும் தருகிறார். ஒரு பழக்கம் ஒருவனிடம் உண்மையிலேயே வேரூன்றிவிட்டதா என்பதை, அதைச் செய்யும்போது அவனுக்கு இன்பம் பிறக்கிறதா என்பதைக் கொண்டு அறியலாம் என்கிறார். அதாவது மகிழ்ச்சி பழக்கத்தின் விதையல்ல, அதன் கனி. "மனம் வரட்டும், ஓடுகிறேன்" என்பவர், பழம் கிடைத்தால்தான் மரம் நடுவேன் என்று காத்திருக்கிறார். மனம் முதலில் வருவதில்லை. கால் முதலில் போகிறது; மனம் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு வருகிறது; ஒரு நாள் அது முணுமுணுப்பதை விட்டுவிடுகிறது.

அது எந்த நாள்? ஒரு குருவி வந்தால் வசந்தம் வந்துவிடாது என்ற அரிஸ்டாட்டிலின் உவமையை எடுத்துக்கொண்டு, ஒரே செயல் பழக்கத்தை உண்டாக்காது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். எத்தனை குருவி வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் சிலர் 96 பேரைப் பின்தொடர்ந்து, 2010இல் அச்சான கட்டுரையிலே ஒரு கணக்குத் தந்தார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள். ஆனால் ஒருவருக்கு 18 நாட்களிலே வந்தது இன்னொருவருக்கு 254 நாட்கள் வரை இழுக்கக்கூடும் என்றும் கண்டார்கள். இடையில் ஒரு நாள் தவறிப்போனதால் பெரிய நட்டமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தென்மேற்குப் பருவமழை காலத்தில் ஹட்டனில் ஓட நினைப்பவருக்கு இதைவிட ஆறுதலான வார்த்தை வேறில்லை. தவறிய நாளை எண்ணிக் குற்றவுணர்வில் புழுங்குபவரே மறுநாளையும் தவறவிடுகிறார்.

முதல் வாரங்கள் கசப்பாவதற்கு வேறொரு காரணமும் உண்டு: வேகம். ஓட்டம் என்றதும் நமக்குத் தெரிந்தது நூறு மீற்றர்ப் பந்தயம். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஏற்றமும் இறக்கமுமான வீதியில், பழகாத மார்பு அப்படி ஓடினால் மூன்றாம் நிமிடத்தில் தோற்றுப்போகும். புதிதாகத் தொடங்குபவர் கூட வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஓட வேண்டும் என்பது பயிற்றுநர்கள் தரும் அறிவுரை. நமது குடும்பங்களுக்கு விளங்கும்படி சொன்னால், ஒரு 'அருள் நிறைந்த மரியே' மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கும் வேகம். ஏற்றம் வந்தால் நடக்கலாம், வெட்கமில்லை. இறக்கத்தில் பாய்ந்து இறங்குவதுதான் முழங்காலுக்கு ஆகாது. நெடுநேர ஓட்டத்தின் பின் சிலருக்கு வரும் இலேசான பரவசத்துக்கு என்டோர்பின் என்னும் சுரப்பே காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. அதன் வேலையை மருந்தால் தடுத்து மனிதரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியானது. அப்போதும் பரவசம் குறையவில்லையாம். உடம்பே தயாரிக்கும் வேறு சில பொருட்களை இப்போது ஆராய்கிறார்கள். எதுவாயினும் அது முதல் நாளிலே கிடைக்கும் பரிசல்ல.

தமிழ்நாட்டில் மா. சுப்பிரமணியன் என்பவரைப் பலர் அறிவார்கள். சென்னை மேயராக இருந்தவர், 2021இல் சுகாதார அமைச்சரானவர். நீரிழிவு உள்ளவர்; 2004இல் வீதி விபத்தொன்றில் முழங்கால் மோசமாகப் பாதிக்கப்பட்டவர். ஐம்பது வயது கடந்தபின் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்து, 21 கிலோமீற்றர் கொண்ட அரை மரதன் ஓட்டங்களை நூற்றுக்கு மேல் ஓடி முடித்தார். அவரது அரசியல் நமக்கு இங்கே தேவையில்லை. நோயும் காயமும் அவரைத் தொடக்கிவைத்திருக்கலாம். நூறாவது ஓட்டத்துக்கும் அவையே காரணம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங்கின் கதை இன்னும் ஆழமானது. 1994இல் மகனைப் பறிகொடுத்த துயரத்திலிருந்து மீள ஓட்டத்தைப் பற்றிக்கொண்ட முதியவர் அவர். 2000ஆம் ஆண்டு இலண்டனில் தமது முதல் மரதனை ஓடும்போது வயது 89. 2011இல் ரொறன்ரோவில் நூறாவது வயதில் 42 கிலோமீற்றரையும் எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார். கின்னஸ் புத்தகத்தார் அதை ஏற்கவில்லை, ஏனெனில் அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பத்திரம் இல்லை என்பதால் ஒரு மனிதன் இருப்பதே செல்லாது என்று சொல்லப்படும் வேதனை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அனுபவித்த மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரோ தொடர்ந்து ஓடினார். 2013இல் ஹொங்கொங்கில் தமது கடைசிப் பந்தயத்தை ஓடியபின்பும் நடையை விடவில்லை. 2025 ஜூலையில், 114 வயதினர் என்று கருதப்பட்ட அவர், தமது கிராமத்தருகே வீதியில் வாகனம் மோதி இறந்தார். எந்தப் புத்தகமும் பதியாத ஓட்டம் அவருக்கு எதைக் கொடுத்ததோ, அதைத்தான் நாம் இங்கே தேடுகிறோம்.

புனித தோமஸ் விளையாட்டைப் பற்றி எழுதும்போது ஒரு பழைய கதையைச் சொல்கிறார். நற்செய்தியாளர் அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பெய்யச் சொன்னார் அருளப்பர். பலமுறை எய்தபின், இப்படியே இடைவிடாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனிதனும் அப்படித்தான் என்றார் அருளப்பர். நூற்றாண்டுகளாக நாண் ஏற்றியபடியே வைக்கப்பட்ட வில்லல்லவா மலையகத்து உடல்! அது முதன்முறையாக ஒருவருக்கும் கணக்குக் கொடுக்காமல், கிலோவுக்கும் பேருக்கும் அல்லாமல், தன் இஷ்டத்துக்கு அரைமணி நேரம் அசைகிறது என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்பதா?

ஆனால் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத்துத் தராசிலிருந்து தப்பியவர்கள் இப்போது தாமே ஒரு தராசை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். இன்று எத்தனை கிலோமீற்றர், எத்தனை அடி, நேற்றைவிட எத்தனை விநாடி குறைவு என்று கைக்கடிகாரமும் தொலைபேசியும் நிறுத்துக் கொடுக்கின்றன. அதைப் படமாக்கி நண்பர்களுக்கு அனுப்பாவிட்டால் ஓடியதாகவே தோன்றுவதில்லை. குமார் சண்முகேஸ்வரன், வேலு கிரிஷாந்தினி போன்று மலையகத்தில் பிறந்து தேசிய மட்டத்தில் நெடுந்தூரம் ஓடிப் பெயர் பெற்றவர்களுக்கு விநாடிக் கணக்கு வேண்டும். அது அவர்கள் துறை. தொடக்கத்தில் இருப்பவருக்கும் கொஞ்சம் கணக்கு ஊன்றுகோலாகலாம். ஆனால் அளவில்லாத ஓட்டம் வாரத்துக்கு ஒன்றேனும் இருக்கட்டும்.

இனி, வீட்டுக்குள்ளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. குடும்பத் தலைவர் காலையில் அரைமணி நேரம் மகிழ்ச்சியாக ஓடிவிட்டு வருகிறார். அந்த அரைமணியிலே அடுப்பு மூட்டியது யார்? தண்ணீர் பிடித்தது யார்? பிள்ளைக்குத் தலை வாரியது யார்? மனைவியிடம் இரவல் வாங்கிய நேரத்தில் ஓடுபவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் அவர், மறுநாள் இவர் என்று வைத்துக்கொள்ளலாமே. மனைவி ஓட விரும்பாவிட்டால் அந்த அரைமணி தூங்கட்டும். அதுவும் நாண் தளர்த்துவதுதான்.

பெண் பிள்ளைகள் ஓடுவதற்குத் தடையாகச் சொல்லப்படுபவை பல. இருட்டு, தெருநாய், அட்டை, தேயிலைக்குள் பதுங்கும் சிறுத்தை. இவை யாவும் உண்மையே. பொழுது நன்றாக விடிந்தபின், தேயிலை மலைக்குள் புகாமல் வீதியோடு போனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராதது வீதியோரத்துக் கேலி. பங்கு இளைஞர் மன்றங்கள் நினைத்தால் இரண்டு மூன்று பெண்களாகச் சேர்ந்து வாரத்தில் நான்கு நாள் ஓடுவதற்கு ஒழுங்கு செய்துவிடலாம். செலவு ஒன்றுமில்லை. தமையன்மார் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.