ஓய்வு யாருக்கு உரியது?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம்மிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். "ஹஜ்ரத், பிள்ளைகள் கொடைக்கானல் போக வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறார்கள். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவரோ கேட்கவே மாட்டார். 'ஹராம் இல்லாத காரியத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?' என்பது அவருடைய எண்ணம். முன்னவர், மகிழ்ச்சி என்றாலே மறுமையை மறப்பது என்று அஞ்சுகிறார். பின்னவர், ஹராம் இல்லையென்றால் கணக்கும் இல்லை என்று கருதுகிறார். இவ்விரண்டும் சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

முன்னவரின் அச்சம் புதியதல்ல. ஹன்ழலா (ரலி) அவர்கள் ஒருநாள், தாம் நயவஞ்சகராகிவிட்டதாகப் பதறிக்கொண்டு புறப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் சமூகத்தில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன; வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்துவிட்டால் பெரும்பகுதி மறந்துபோகிறது என்பதே அவர்களுடைய கவலை. அபூபக்ர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்றார்கள். இருவரும் பெருமானாரிடம் சென்று முறையிட்டபோது, அந்த நிலையிலேயே எப்போதும் இருந்தால் வானவர்கள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகொடுப்பார்கள் என்று கூறிவிட்டு, அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்ற கருத்தை மும்முறை சொல்லி அனுப்பினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் இது பதிவாகியுள்ளது. மனிதனை வானவராக ஆக்குவதற்கு மார்க்கம் வரவில்லை. மனிதனை நல்ல மனிதனாக ஆக்கவே வந்தது.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505-ல் மறைந்தவர்கள். பிள்ளைகள் மக்தபிலிருந்து திரும்பியதும் நல்ல விளையாட்டு விளையாட அனுமதிக்க வேண்டும், அதைத் தடுத்து எந்நேரமும் பாடத்தையே சுமத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துப்போகும், அறிவு மழுங்கும் என்று இஹ்யாவில் எழுதியுள்ளார்கள். ஆகவே, ஓய்வும் விளையாட்டும் இபாதத்துக்குப் பகை என்று எண்ணத் தேவையில்லை.

இனிப் பின்னவரிடம் வருவோம். ஆகுமான காரியம் என்பதாலேயே அது கணக்கிலிருந்து தப்பிவிடுமா? ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மக்களில் அநேகர் ஏமாந்துபோகும் இரண்டு நிஃமத்துகள் என்று பெருமானார் எச்சரித்தது புகாரி ஷரீஃபில் இருக்கிறது. ஓய்வு ஒரு செல்வம். செல்வம் என்றால் அதில் பிறருக்கு ஹக்கு உண்டு. ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம் என்ன சொன்னார்கள்? உம் இரட்சகனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் ஆன்மாவுக்கு உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உண்டு. அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடும் என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று பெருமானாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வணக்கத்தின் பெயரால்கூட மனைவியின் உரிமையை எடுக்கக் கூடாதென்றால், நண்பர்களோடு நள்ளிரவு வரை கேரம் ஆடுவதற்காக எடுக்கலாமா? "நாங்கள் ஹராம் எதுவும் செய்யவில்லையே" என்று அந்த நண்பர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவர் செலவழித்த நேரம் அவருடையதா என்பதே கேள்வி. நண்பர்களுக்கும் உரிமை உண்டு; ஆனால் ஒருவருடைய பங்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அதற்குத் தாராள மனம் என்று பெயர் வைக்கக் கூடாது.

'நல்ல நிய்யத்து இருந்தால் ஆகுமான காரியமும் நன்மையாகும்' என்பது நாமெல்லாம் அறிந்த சட்டம். ஆயினும் நிய்யத்து என்பது நாவால் சொல்லிவிடும் மந்திரமன்று. "குடும்பத்துக்காகத்தான் போகிறேன்" என்பவரின் நிய்யத்தைக் குடும்பமே காட்டிக்கொடுத்துவிடும்! பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்காகப் பெருமானார் தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள். எவ்வளவு நேரம்? அன்னையார் தாமே சலித்துப்போகும் வரை! நின்றவரின் களைப்பு அங்கே அளவுகோலாக இல்லை. பார்த்தவரின் நிறைவே அளவுகோல். இதுதான் நிய்யத்தின் உரைகல்.

அந்த உரைகல்லில் நம்முடைய உல்லாசப் பயணங்களை உரைத்துப் பார்ப்போமா? வேன் அமர்த்தியாகிவிட்டது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உம்மா எழுந்து புளிச்சோறு கட்டுகிறார். போன இடத்திலும் அடுப்பு மூட்டிப் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்குபவர் அவரே. ஆண்கள் அருவியில் குளித்து வரும் வரை ஈரத்துணிக்கும் கைக்குழந்தைக்கும் காவல் இருப்பவரும் அவரே. திரும்பி வந்தபின் எல்லோரும் உறங்க, சட்டி கழுவுபவரும் அவரேதான். இது யாருடைய விடுமுறை? வீட்டில் பெருமானார் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றுதானே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள்?

இதைவிடக் கடினமான ஒரு நிலை உண்டு. வளைகுடாவில் உழைக்கும் சபராளி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் ஊர் வருகிறார். முதல் வாரம் சொந்தபந்தங்களைப் பார்த்து வருவதில் கழிகிறது. பிறகு கல்யாண விருந்துகள், வீட்டுக் கட்டட வேலை, பத்திர அலுவலகம், பழைய நண்பர்கள். வாப்பாவிடம் ஒட்டத் தொடங்கிய பிள்ளை, அவர் பெட்டி கட்டும்போதுதான் மடியில் வந்து உட்காருகிறது. அவரைக் குறை சொல்ல நமக்கு நாவு எழவில்லை. வந்தவர்கள் எவரும் அவரிடம் உரிமை இல்லாதவர்களும் அல்லர். ஆனால் பயணம் வேதனையின் ஒரு துண்டு, காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்று பெருமானார் சொன்னதன் நோக்கம், உடல் மட்டும் வீட்டு வாசலை அடைவதா? ஒட்டகப் பயணத்தில், தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு மனைவியோடு ஓட்டப்பந்தயம் ஓடிய நபியின் உம்மத்து நாம். முதலில் அன்னையார் ஜெயித்தார்கள். பின்னொரு காலத்தில் பெருமானார் ஜெயித்து, அதற்கு இது ஈடு என்று சிரித்தார்கள். அரசும் படையும் அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது நடந்தது. ஆகவே, வந்தவரின் நாட்களைப் பங்கிடும்போது மனைவி மக்களின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். உற்றார் உறவினரும் இதை அவருக்கு எளிதாக்கிக் கொடுப்பது கடமை.

இன்னும் இரண்டு உரிமைகள் மறக்கப்படுகின்றன. ஒன்று, இரட்சகனின் உரிமை. ஏறத்தாழ 80 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ள இரு மத்ஹபிலும் வழி உண்டு. ஷாஃபிகளுக்கு லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. ஹனஃபிகள் அந்தந்த வக்தில் தொழ வேண்டும். பாதியாகக் குறைத்துக் கொடுத்தவனுக்கு அந்தப் பாதியைக்கூடக் கொடுக்காமல் திரும்புவது எவ்வளவு பெரிய நன்றிகேடு!

மற்றது, வர முடியாதவர்களின் உரிமை. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் உபதேசித்தார்கள். இன்று நம் விருந்தின் மணம் அடுத்த வீட்டோடு நிற்பதில்லை; கைப்பேசிப் படமாக, வாய்ப்பற்ற உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. படத்தை அனுப்புகிறோமே, பங்கை அனுப்புகிறோமா? வேனில் ஓர் இடம் மிச்சமிருந்தால், தகப்பனில்லாத அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளக் கூடாதா?

எனவே, "போகலாமா?" என்று கேட்கும் சகோதரருக்கு நாம் சொல்வது இதுதான்: தாராளமாகப் போங்கள். கேட்காமலே போகும் சகோதரருக்கும் ஒன்று சொல்வோம்: நீங்களும் போங்கள், ஆனால் புறப்படுமுன், யாருடைய பங்கை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அவரவர் உரிமையை அவரவர்க்கு மனமுவந்து கொடுக்கும் நல்லடியார்களாக, வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.