நீங்க எந்தப் பக்கம், அண்ணே?

கடந்த பள்ளி விடுமுறையில் நம் இளைஞர் முகாமில் பேச அழைத்திருந்தார்கள். தலைப்பு வேலை வாய்ப்பு. ஜெனீவாவில் ஓர் அனைத்துலகப் பொதுச் சுகாதார நிறுவனத்தில் வணிக வழக்கறிஞராக வேலை செய்கிறேன் என்று சொன்னதும் பல முகங்களில் குழப்பம். லாயர் என்றால் கோர்ட்டும் கறுப்பு அங்கியும். சுகாதாரம் என்றால் டாக்டர், மிஸ்ஸி. இந்த இரண்டுக்கும் நடுவில் இவர் என்ன செய்கிறார்?

பேசி முடித்ததும் ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்தார். "மருந்து கம்பெனிகூட உட்கார்ந்து அக்ரிமெண்ட் போடுறேன்னு சொல்றீங்க. அப்போ நீங்க கம்பெனி பக்கமா, நோயாளி பக்கமா, அண்ணே?"

சிரித்துச் சமாளித்தேன். நிறைய பேர் கை தட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. அன்று கொடுக்காத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி மருந்து பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெடும், சில வகைகள் உறைந்தாலும் கெடும். ஒரு பெட்டி மருந்து ஏதோ ஒரு விமான நிலையத்தில் வெயிலில் ஆறு மணி நேரம் கிடந்தால் நட்டம் யாருடையது? தயாரித்தவருக்கா, ஏற்றி வந்தவருக்கா, வாங்கிய நாட்டுக்கா? மருந்தால் யாருக்காவது பக்கவிளைவு வந்தால் இழப்பீடு யார் தருவது? இதையெல்லாம் கப்பல் புறப்படும் முன்பே எழுதி வைக்க வேண்டும். அதுதான் என் பிழைப்பு. நான் ஊசி போட்டதில்லை, ஒரு குழந்தையைத் தூக்கியதுகூட இல்லை. வருடத்தில் முக்கால்வாசி நாள் காற்புள்ளி, அரைப்புள்ளியோடுதான் சண்டை.

இன்னொரு வகை ஒப்பந்தம் உண்டு. காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனம், "இந்த நாடுகளுக்கு மட்டும் நீங்கள் மலிவாகத் தயாரித்து விற்கலாம்" என்று மற்ற தயாரிப்பாளர்களுக்குத் தரும் உரிமம். ஒப்பந்தம் அறுபது பக்கம் இருக்கும். உயிர் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கும் நாடுகளின் பட்டியலில்தான் இருக்கிறது. அதில் உங்கள் நாட்டின் பெயர் இருந்தால் மாத்திரை சில ரிங்கிட். இல்லாவிட்டால் நிறுவனம் சொல்வதுதான் விலை.

மலேசியாவின் பெயர் பல முறை அதில் இருப்பதில்லை. உலக வங்கிக் கணக்கில் நாம் உயர் நடுத்தர வருமான நாடு. கோலாலம்பூரில் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன, காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்பது நிறுவனங்களின் கணக்கு. சராசரி என்பது விசித்திரமான சாமான். பங்சாரில் இருப்பவர் சம்பளத்தையும் எங்கள் மாமா சம்பளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மாமா வசதியான ஆள்தான்.

மாமா கிள்ளானில் லாரி ஓட்டியவர். 80களில் ஒரு விபத்தில் இரத்தம் ஏற்றினார்கள். ஹெப்படைட்டிஸ் சி கிருமியே 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் அன்று ஏற்றிய இரத்தத்தில் அதைச் சோதிக்க வழியில்லை. இருபத்தைந்து வருடம் கழித்துக் கல்லீரல் காட்டிக் கொடுத்தது. அப்போதிருந்த இண்டர்ஃபெரான் ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டார். "நோயைவிட மருந்துதான்டா என்னைக் கொல்லுது" என்றார். 2013 முடிவில் சொஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் வந்தது. பன்னிரண்டு வாரத்தில் குணம், ஆனால் பன்னிரண்டு வாரத்துக்கு விலை 84,000 அமெரிக்க டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2014இல் மலிவு உரிமத்துக்கு 91 நாடுகளின் பட்டியல் வெளியானது. மலேசியா அதில் இல்லை.

அந்தப் பட்டியலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 2016இல் வேறு ஒரு மருந்துக்கு, வேறு ஒரு நிறுவனத்தோடு, அதே மாதிரி ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்தது. எந்த மருந்து, எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது. அதிலும் மலேசியா இல்லை. "இதற்கு மேல் ஒரு நாடுகூட சேர்க்க மாட்டோம், வற்புறுத்தினால் ஒப்பந்தமே வேண்டாம்" என்றார்கள். அது மிரட்டலா உண்மையா என்று எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. பட்டியலில் இருந்த நாடுகளில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் இந்தியாவும் அடக்கம். ஒரு மாதம் இழுத்தால் அங்கே ஒரு மாதம் மருந்து தாமதம்.

நான் மலேசியாவுக்காகப் பேசவில்லை.

பேச இடம் இருந்தது. பக்கத்தில் இருந்த சக வழக்கறிஞர், அவர் ஐரோப்பியர், தாய்லாந்து, மலேசியா இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டார். நான் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என் ஊருக்காகக் கேட்டால் பக்கச்சார்பு என்று நினைப்பார்களே என்று தயங்கினேன். அன்றிரவு அதற்கு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன்: பற்றில்லாமல் கடமை செய்தேன் என்று. சின்ன வயதிலிருந்து வகுப்பில் கேட்ட வார்த்தைதானே, தேவையான நேரத்தில் வாயில் வந்துவிட்டது.

இப்போது யோசித்தால் அது பற்றின்மையே இல்லை. என் நல்ல பெயர் மேல் எனக்கிருந்த பற்று. வேண்டியவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பது அநியாயம் என்று நமக்குத் தெரியும். வேண்டியவர்கள் என்பதாலேயே நியாயமாகக் கேட்க வேண்டியதையும் கேட்காமல் விடுவதை யாரும் அநியாயம் என்று சொல்லித் தரவில்லை. கிள்ளானில் இருக்கும் நோயாளி, என்னைப் போல ஒரு மலேசியன் அந்த அறையில் இருந்த காரணத்தால் ஒரு குரலை இழந்தார்.

மகாபாரதத்தில் எனக்கு எப்போதும் பிடித்த ஆள் விதுரன். அர்ச்சுனனுக்காவது கேள்வி கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தது. விதுரன் திருதராட்டிரன் அவையில் உத்தியோகம் பார்த்தவன். தவறு என்று தெரிந்த இடத்தில் தினமும் போய் உட்கார்ந்தவன். அரக்கு மாளிகை சதி தெரிந்ததும் பாண்டவர்களுக்கு மறைபொருளாகச் சொல்லி அனுப்பினான். அது அவை ரகசியத்தை உடைத்ததுதானே? என் தொழிலில் அதற்கு வேலை போய்விடும். சூதாட்ட அவையிலோ வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினான், தோற்றான், ஆனாலும் மறுநாள் வேலைக்கு வந்தான். போர் நெருங்கியபோதுதான், துரியோதனன் அவமானப்படுத்தியதும், வில்லை ஒடித்துவிட்டு விலகினான் என்று நம் தமிழ்ப் பாரதக் கதையில் கேட்டிருப்பீர்கள். எந்த நாளில் உள்ளே இருக்க வேண்டும், எந்த நாளில் வில்லை ஒடிக்க வேண்டும்? அவனுக்கே அதைக் கண்டுபிடிக்க ஒரு வாழ்நாள் ஆகியிருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த காலத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

முழுக்கச் சும்மா இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியத்துக்காக மூன்று வாரம் சண்டை போட்டோம். பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு நாடு தன் சட்டப்படி கட்டாய உரிமம் கொடுத்தால், மலிவுத் தயாரிப்பாளர் அந்த நாட்டுக்கு விற்பதை இந்த ஒப்பந்தம் தடுக்காது என்ற வாக்கியம். கேட்க வறட்டுச் சங்கதி. அது இல்லாவிட்டால் ஒரு நாடு துணிந்து உரிமம் கொடுத்தாலும் விற்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

நம் நாடு அந்த விஷயத்தில் கோழை இல்லை, இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2001இல் டோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் பொதுச் சுகாதாரத்துக்கு முன்னுரிமை தரலாம் என்று அறிவித்தன. 2003இலேயே மலேசியா தன் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவைப் பயன்படுத்தி, எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவிலிருந்து மலிவாக இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. 2017 செப்டம்பரில் சொஃபோஸ்புவிருக்கும் அதே வழி. அந்த முடிவு வரப்போகிறது என்ற பேச்சு நடந்த ஆகஸ்டு மாதத்திலேயே நிறுவனம் மலேசியாவைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது! 2018இல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை தொடங்கியது. மாமாவுக்கும் கிடைத்தது. கிருமி போய்விட்டது. கல்லீரல் அதற்குள் சுருங்கியிருந்தது. நான்கு வருடம் முன்னாடி கிடைத்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வாக்குக் கொடுத்ததால் வாய் திறக்கவில்லை, சரி. ஆனால் இப்படிப்பட்ட வாக்கை எங்களிடம் கேட்பதே சரியா? பொதுப் பணத்தில், மக்கள் உடம்புக்காகப் போடும் ஒப்பந்தம் இது. 2010இல் ஜெனீவாவில் தொடங்கிய மருந்துக் காப்புரிமைத் தொகுப்பகம் தன் உரிம ஒப்பந்தங்களை முழுசாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் அவர்களோடு ஒப்பந்தம் போட நிறுவனங்கள் வராமல் போய்விடவில்லை. 2020 நவம்பரில் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு மலேசியாவையும் சேர்த்து நான்கு நாடுகளுக்குத் தனி உரிமம் வாங்கியது அதே அமைப்புதான். கோவிட் காலத்திலோ உலகம் முழுக்கத் தடுப்பூசி ஒப்பந்தங்கள் பூட்டித்தான் கிடந்தன. விலைப் பேச்சு நடக்கும்போது மூடி வைக்கலாம், கையெழுத்து ஆனபிறகும் மூடுவது எதற்கு என்பது என் அபிப்பிராயம். அலுவலகத்தில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

மாமாவிடம் ஒரு தீபாவளிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து பெயர் தவிர. முறுக்கை உடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த ஆப்பிரிக்கா பிள்ளைங்களுக்கு மருந்து போச்சா?" போச்சு மாமா என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

போன வருடம் இன்னொரு பட்டியல் வந்தது. இந்த முறை முதல் நாளே மேலதிகாரியிடம் போனேன். இது என் நாடு, என் வீட்டில் நோயாளி இருந்திருக்கிறார், பேனாவை வேறு ஒருவர் பிடிக்கட்டும், ஆனால் நான் பேச வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் பேசினேன். மலேசியாவோடு வேறு ஐந்து நாடுகளுக்கும் சேர்த்துத்தான். நிறுவனத்தார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஐந்தில் இரண்டைச் சேர்த்தார்கள். மலேசியா இல்லை.