சட்டம் மாறினால் அநீதி தீருமா?

பிறர் பொருளை அபகரித்த ஒருவன், "இனி அபகரிக்க மாட்டேன்" என்று உறுதி கூறுகிறான். ஆனால், எடுத்ததைத் திருப்பித் தரவில்லை. அவனை நாம் நேர்மையாளன் என்போமா? ஒருபோதும் மாட்டோம். அதையே ஓர் அரசாங்கம் செய்தால்? அமெரிக்க வரலாறு இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்நாட்டு மக்கள் பலர் வீடிழந்து நின்றனர். அவர்களுக்குக் கடன் வசதி செய்து தர அரசு முன்வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால், 1933-ல் அமைந்த அரசுக் கடன் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை நான்கு வண்ணங்களில் தரம் பிரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு வண்ணம். கடன் கொடுப்பது ஆபத்து என்பது அதன் பொருள். 1934-ல் தோன்றிய வீட்டு வசதி நிர்வாகமோ, கறுப்பினத்தார் கலவாத பகுதிகளுக்கே கடன் உத்தரவாதம் தர விரும்பியது.

டெட்ராய்ட் நகரில் வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒருவருக்கு, அருகில் கறுப்பினத்தார் வசித்ததால் அந்த உத்தரவாதம் கிடைக்கவில்லை. 1941-ல் இரு சாராருக்கும் நடுவே ஆறடி உயரத்தில், சுமார் அரை மைல் நீளத்திற்குச் சுவர் எழுப்பினார்; உத்தரவாதம் கிடைத்தது! மனிதரைப் பிரித்ததற்குச் சலுகை!

உலகப் போரில் பணியாற்றிய வீரர்களுக்கும் இதே கதிதான். 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தில் வீரர்களுக்கான திட்டத்தில் உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பினத்தாருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு.

1968-ல் வீட்டு விஷயத்தில் இனபேதம் காட்டுவது சட்ட விரோதமாயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. கடன் பெற்றவரின் வீடு மதிப்பேறி, பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலுக்கும் முதலாயிற்று. மறுக்கப்பட்டவர் வாடகை செலுத்தியே காலம் கழித்தார். 2022-ல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்கின்படி, நடுத்தரத்தில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். வீட்டுக் கடன் ஒன்றே இதற்குக் காரணமன்று. ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

"தவறு செய்தவர்கள் மாண்டு போனார்கள்; பேரப் பிள்ளைகள் ஏன் ஈடு செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்பர். ஒருவர் பாவத்தை மற்றொருவர் சுமப்பதில்லைதான். ஆனால், கடன் என்பது வேறு. இறந்தவரின் கடனை அடைத்த பின்னரே சொத்தைப் பாகம் பிரிக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததல்லவா? சொத்து வேண்டும், கடன் வேண்டாம் என்பது என்ன நியாயம்? மேலும், மனிதர் மாள்வர், அரசு மாள்வதில்லை. 1942-ல் ஜப்பானிய வம்சத்தாரை முகாம்களில் அடைக்க ஆணையிட்ட அதே அரசு, 1988-ல் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. ஆகவே, ஈடு செய்வது இயலாத காரியமல்ல, மனம்தான் வேண்டும்.

அநீதியை நிறுத்துவது நீதியின் முதற்படி மட்டுமே. பறித்ததை உரியவரிடம் சேர்ப்பதே அதன் நிறைவு. டெட்ராய்ட் சுவரின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. அதைக் கட்டச் செய்த விதி மறைந்தது. அது விளைத்த நஷ்டம் மறையவில்லை. ஆட்சியாளர்களும், அவர்களின் சலுகையில் வாழ்வோரும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.