ஹாஜரா ஓடிய தூரம்

திருநெல்வேலி மாநகருக்குள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பெண்கள் கல்லூரிகள் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி. 1895 முதல் கல்லூரியாக நடந்துவருவது. மேலப்பாளையத்தில் அன்னை ஹாஜிரா பெண்கள் கல்லூரி. முதலாவது, இந்தியப் பெண்களின் கல்வியில் அக்கறை கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பெயர். இரண்டாவது, நபி இப்ராஹீமின் துணைவியார் பெயர். யாரும் திட்டமிட்டு இப்படி வைக்கவில்லை. ஆனாலும் வேதக் கதை தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஊரில் இருப்பது மனதைத் தைக்கும். விவிலியத்தில் ஆபிரகாமின் (இப்ராஹீமின்) மனைவி சாராள் வீட்டைவிட்டு அனுப்பச் சொன்ன அடிமைப்பெண்தான் ஆகார்.

யூதர்களுக்கு ஹாகார், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களுக்கு ஆகார், மேலப்பாளையத்தாருக்கு ஹாஜரா. மகனோடு பாலைவனத்தில் தனியே நின்றவள். மகள் பஸ் ஏறிப் போனால் அவள் திரும்பும்வரை வாசலிலேயே கண்ணை வைத்திருக்கும் உம்மாக்களின் ஊர், படிக்கிற பெண்களுக்கு அவளையே அன்னையாகக் காட்டியிருக்கிறது. இறைவன் தனக்கு வேண்டியவர்களை ஏன் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறான், அந்தப் பயணம் ஒரு பெண்ணுக்கு எந்த வயதில் வாய்க்க வேண்டும் என்ற கேள்வி அந்தப் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது.

யூதர்கள் இந்தக் கேள்விக்குத் தெளிவான ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: பதினைந்து, பதினாறு வயதில். கோடை விடுமுறைகளில் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் பள்ளி மாணவர்கள் குழுக்குழுவாக இஸ்ரேலின் பாலைவனங்களுக்கு வருகிறார்கள். மரபு வழுவாத குடும்பங்களின் பெண்களுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. நீளப் பாவாடையும் நடைக்காலணியுமாக, விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, சாக்கடலுக்கு மேல் சுமார் 450 மீட்டர் உயரத்தில் நிற்கும் மஸாதா கோட்டைக்கு வளைந்து வளைந்து ஏறும் பாம்புப் பாதையில் நடக்கிறார்கள். சூரியன் எழும்போது மேலே இருக்க வேண்டும். ஏறு வெயிலில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. முதுகுப் பையில் ஆளுக்குச் சில லிட்டர் தண்ணீர். இன்னொரு நாள் மக்தேஷ் ரமோன் என்ற, சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும்பள்ளத்தின் விளிம்பில் நடை. இரவு, பாலைவன நாடோடிகளான பதூவியரின் கூடாரம். நகரத்தில் பிறந்த பெண் முதன்முதலாக முழு இருட்டையும் முழு வானத்தையும் பார்க்கும் இரவு அது.

சுற்றுலாதானே என்று தள்ளிவிட முடியாது. யூத மதத்தின் நடுவில் இருப்பது நகரமோ கோயிலோ ஆவதற்கு முன், 40 ஆண்டு நீண்ட ஒரு நடை இருந்தது. எகிப்தில் அடிமையாக இருந்தவர்கள் சீனாய் வனாந்தரத்தில்தான் வேதத்தைப் பெற்றார்கள். ஏன் அங்கே என்று பழைய ரபிகள் கேட்டு, அருமையான பதிலும் சொன்னார்கள். பாலைவனம் யாருக்கும் பட்டா இல்லாத இடம். ஒருவருடைய நாட்டில் வேதம் இறங்கியிருந்தால் அந்த நாட்டார் அதைத் தங்களுடையது என்பார்கள். பாலையில் இறங்கியதால் வருகிறவர் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்த 40 ஆண்டும் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்தது மோசேயின் அக்காள் மிரியாமின் பொருட்டுக் கூடவே வந்த ஒரு கிணறு என்பதும் அவர்கள் மரபு. மிரியாம் இறந்த செய்தியை அடுத்த வசனத்திலேயே தண்ணீர் இல்லை என்ற செய்தி வருவதைக் கண்டு அவர்கள் அப்படிப் பொருள் கொண்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணிடம் பாலைவனத்தில் வைத்துச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

நெகேவ் பாலைவனத்தை நோக்கித் தெற்கே இறங்கும் பயணத்தில் பெயெர்செபா வருகிறது. ஆதியாகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் ஆகார் வழிதெரியாமல் அலைந்தது அந்த ஊரை ஒட்டிய வனாந்தரத்தில்தான். அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து ஆபிரகாம் அனுப்பிவைக்கிறார். தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையை ஒரு செடியின் கீழே கிடத்திவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மனமில்லாமல் அம்பு பாயும் தூரம் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். தேவன் பிள்ளையின் குரலைக் கேட்கிறார், அவள் கண் திறக்கிறது, எதிரே கிணறு. கிணறு தோண்டப்பட்டதாக வேதம் சொல்லவில்லை. அங்கேயே இருந்ததை அவள் இப்போதுதான் காண்கிறாள். இதற்கு முந்தைய ஓர் அதிகாரத்தில், கர்ப்பிணியாக ஓடிவந்த இதே பெண் தன்னோடு பேசிய கடவுளுக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிறவர். கடவுளுக்குப் பெயர் வைத்தவர் என்று ஆதியாகமம் முதலில் காட்டுவது ஓர் அடிமைப்பெண்ணை. யூதப் புத்தாண்டின் முதல் நாளில் தொழுகைக்கூடங்களில் வாசிக்கப்படும் பகுதி இந்த 21ஆம் அதிகாரம்தான். தங்கள் மூதன்னை விரட்டிய பெண்ணின் கண்ணீரை ஆண்டின் முதல் நாளில் வாசிப்பது என்று ஒரு சமயம் வைத்துக்கொண்டிருக்கிறதே, அது பெரிய மனம்.

மேலப்பாளையத்து மதரஸாவில் ஒரு சிறுமி கேட்கும் கதை கொஞ்சம் வேறு. இடம் மக்கா, பயிர் விளையாத பள்ளத்தாக்கு. பிள்ளை பால்குடி மாறாதவர். ஒரு பை பேரீத்தம்பழமும் ஒரு தோல்பை தண்ணீரும் வைத்துவிட்டு இப்ராஹீம் நபி திரும்பி நடக்கிறார். ஹாஜரா பின்னாலேயே போய்க் கேட்கிறார்; பதில் இல்லை. கடைசியில், இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்கிறார். ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று திரும்பிவிடுகிறார். நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் பதிவான நிகழ்ச்சி இது.

அவன் கைவிடமாட்டான் என்று அத்தனை உறுதியாகச் சொன்னவர், தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. ஸஃபா குன்றில் ஏறிப் பார்க்கிறார். யாரும் இல்லை. இறங்கி ஓடி மர்வாவில் ஏறுகிறார். அங்கும் இல்லை. ஏழு முறை. ஆறாவது முறையில் அவர் நம்பிக்கை குறைந்துவிட்டதா? குறைந்திருந்தால் ஏழாவது முறை ஓடியிருக்கமாட்டார். ஜம்ஜம் ஊற்று பொங்கியதும் அவர் ஓடிய குன்றுகளில் அல்ல, பிள்ளை கிடந்த இடத்தில்.

ஓட்டத்துக்கும் ஊற்றுக்கும் தொடர்பில்லை என்று தர்க்கம் பேசுகிறவர் சொல்லலாம். ஆனால் இஸ்லாம் கடமையாக்கி வைத்தது அந்த ஓட்டத்தை. ஜம்ஜம் குடிப்பது விரும்பத்தக்கது. ஸஃபா மர்வாவுக்கு இடையே நடக்காமல் ஹஜ் நிறைவேறாது என்பதே பெரும்பாலான சட்ட மரபுகளின் முடிவு. தமிழ் முஸ்லிம்கள் அதைத் தொங்கோட்டம் என்பார்கள். அரபுச் சொல்லான ஸயீக்கு முயற்சி என்றும் பொருள் உண்டு. அரசரும் அறிஞரும் தளபதியும் அந்தப் பாதையில் ஓர் அடிமைப்பெண்ணின் காலடியைத்தான் மிதிக்க வேண்டும். ஈரானியச் சிந்தனையாளர் அலி ஷரீஅத்தி ஹஜ் பற்றி எழுதிய நூலில் இந்த இடத்தில் நெடுநேரம் நிற்பார். நிற்க வேண்டிய இடம்தான்.

தமிழுக்குப் பாலை புதிதல்ல. ஆனால் தமிழ் நிலத்தில் பாலைக்கென்று தனி இடம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகிவிடும் என்கிறது சிலப்பதிகாரம். அந்தத் திணைக்கு உரிய பொருள் பிரிவு. அங்கே இளம்பெண் வருவது பெரும்பாலும் உடன்போக்கில், காதலன் துணையோடு. செவிலித்தாய் பின்னால் தேடிப்போகிறாள். வழியில் வருகிறவர்களிடம் என் மகளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கலித்தொகைப் பாலைப் பாட்டு ஒன்றில் எதிரே வரும் அந்தணர், முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்குப் பயன்படுவதில்லை என்று சொல்லி அவளைத் தேற்றுவார்கள். அழகான பாட்டு. ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சுடுமணலில் அவள் எதைக் கண்டாள், யாரை அழைத்தாள் என்று அந்தப் பாட்டு சொல்லாது. ஹாஜராவின் பாலையில் தாய்தான் ஓடுகிறாள், அவள் வாயிலிருந்தே கேள்வி வருகிறது.

பிள்ளைகளைப் பாலைக்கு அனுப்புவதை எளிதாக மெச்சிவிடவும் கூடாது. 2018 ஏப்ரல் 26 அன்று சாக்கடலுக்குத் தெற்கே ஸஃபித் என்ற ஓடைப் பள்ளத்தில் நடைப்பயணம் போன இஸ்ரேலிய மாணவர்களைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் பெண்கள், எல்லோரும் பள்ளி முடிக்கும் வயதினர். மழை எச்சரிக்கை முன்பே இருந்தது. தாகத்துக்கு அஞ்சும் இடத்தில் தண்ணீர் கொன்றது. கடவுள் மீது பாரத்தைப் போடுவதற்கு முன் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு வா என்று நபிகள் நாயகம் ஒருவருக்குச் சொன்னதாக ஒரு ஹதீஸ் உண்டு. கூட்டிப்போகிறவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் அடுத்தவர் பிள்ளையின் உயிரை வைத்து நம்பிக்கை பேசுவது பாவம். ஹாஜரா பணயம் வைத்த கால்கள் அவருடையவை.

இனி மேலப்பாளையம். தாமிரபரணிக் கரை ஊர். பாளையங்கால்வாய் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. கோடையிலும் வற்றாத ஆற்றுக்குப் பக்கத்தில் வளர்கிறவர்களுக்குத் தாகம் என்பது கதையில் வருவது. ஆனால் வேறொரு வறட்சி உண்டு. ஒரு காலத்தில் தறிச்சத்தம் கேட்ட தெருக்களில் பிறகு பீடி வந்தது. மடியில் சுளகு, சுளகில் நறுக்கிய இலையும் தூளும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நடுவயது தாண்டிய எத்தனையோ பெண்கள் படிப்பு நின்ற நாளிலிருந்து சுளகும் கையுமாகவே இருந்தவர்கள். அந்தக் கூலியில் மகளுக்கு நகை, மகனுக்குப் படிப்பு, கல்யாணம், பேறுகாலம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஹஜ்ஜு நினைப்பு. புறப்படும்முன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய், செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். எல்லாக் கடனையும் தீர்த்துவிட்டு எழுதும் கடைசிக் கணக்குபோலத்தான் இங்கே பயணம் இருக்கிறது. முட்டி தேய்ந்த பிறகு தொங்கோட்டம். அதிலும் பலர் சக்கர நாற்காலியில். 2024 ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

பெண்ணின் பயணத்துக்கு இன்னொரு கதவும் இருந்தது: மஹ்ரம். கணவனோ, தந்தை, சகோதரன், மகன் போன்ற நெருங்கிய உறவினனோ கூட வர வேண்டும் என்ற விதி. இதில் மத்ஹபுகள் என்ற சட்ட மரபுகள் ஒரே குரலில் பேசியதில்லை. ஹனஃபிகளும் ஹம்பலிகளும் மஹ்ரம் வேண்டும் என்றார்கள். ஷாஃபிகளும் மாலிகிகளும் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்களின் கூட்டம் போதும் என்றார்கள். ஈராக்கின் ஹீராவிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஅபாவுக்குத் தனியே வந்து வலம்வரும் காலம் வரும் என்று நபிகள் நாயகம் தம் தோழர் அதீ இப்னு ஹாத்திமிடம் சொன்னார். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக அதீ பிற்காலத்தில் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. நாடு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்பதை ஒரு பெண்ணின் தனிப் பயணத்தை வைத்து அளந்த சொல் அது.

இந்தியாவில் 2018 ஹஜ்ஜிலிருந்து 45 வயதைக் கடந்த பெண்கள் நான்கு பேர் சேர்ந்தால் மஹ்ரம் இல்லாமல் போகலாம் என்று விதி தளர்ந்தது. 2021இல் சவூதி அரசும் பெண்கள் குழுவாகப் பதிவுசெய்ய அனுமதித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து இப்படிப் போன பெண்கள் 4,000க்கும் மேல். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற ஒரு வாக்கியம் இந்த ஊர்ப் பெண்களை எத்தனை வாசல்களில் நிறுத்தியிருக்கிறது! அதே நாலு பேர் இப்போது ஒரு விண்ணப்பத்தில் பெயர் எழுதிக் கடல் கடக்கிறார்கள்.

ஆனால் 45 என்ற எண் உறுத்துகிறது. ஹாஜரா பால் கொடுக்கும் வயதில் ஓடியவர். அவர் பெயர் தாங்கிய கல்லூரியில் படிக்கிறவர்கள் பதினெட்டு, இருபது வயதினர். அவர்களுக்குப் பாலையைக் காண மக்காவரைகூடப் போக வேண்டாம். கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகள் இருக்கின்றன. காற்று வீசினால் தடம் மறையும் மண் அது. தெற்கே நம்பியாறு கடலில் சேரும் மணற்பரப்பில் ஆத்தங்கரைப் பள்ளிவாசல். அங்கே செய்யிதலி பாத்திமா என்ற பெண் இறைநேசர் அடங்கியிருக்கிறார். தர்காவுக்குப் போவது சரியா என்பதில் மேலப்பாளையத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை ஆலிம்கள் பேசிக்கொள்ளட்டும். ஒரு விடியற்காலையில் ஆசிரியையும் நாற்பது மாணவிகளும் தண்ணீர்ப் பாட்டிலோடு தேரியில் நடந்து, மேட்டில் உட்கார்ந்து ஹாஜராவின் கதையைச் சொல்லிக் கேட்பதற்கு எந்த மத்ஹபும் குறுக்கே நிற்காது. பொறுப்பானவர்கள் கூட்டிப்போக வேண்டும், வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே இப்போது குளிரூட்டிய பளிங்குக் கூடம். நடுவில் ஓரிடத்தில் பச்சை விளக்குகள் வரிசையாக எரியும். பள்ளத்தில் இறங்கியதும் பிள்ளை கண்ணிலிருந்து மறைந்துவிட, ஹாஜரா வேகமெடுத்து ஓடிய இடம் அது. அந்த விளக்குகளுக்கு இடையே ஆண்கள் ஓடுவது நபிவழி. பெண்கள் வழக்கமான நடையில் போனால் போதும். கூட்டத்தில் பெண்களின் கண்ணியம் கருதிச் செய்த சலுகை என்று ஃபிக்ஹு என்ற சட்ட நூல்கள் விளக்கும். அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் ஆண்கள் ஓடிக்கொண்டிருக்க, ஓரமாக, சுளகு தாங்கித் தாங்கிக் காய்த்த தொடையில் ஒரு கையை ஊன்றியபடி, நடந்து போகிறவர்களில் மேலப்பாளையத்து உம்மாக்களும் இருக்கிறார்கள்.