பரிசுக்காகக் குறைத்துண்பது நோன்பாகுமா?

அளவறிந்து உண்ண வேண்டும் என்பது நம் குடும்பங்களில் இளமை முதலே கற்பிக்கப்படும் ஒழுக்கம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பதும், பர்வ நாட்களில் ஒருவேளை மட்டும் உண்பதும், சுவைகளுள் ஒன்றைச் சில காலம் விலக்கி வைப்பதும் நமக்குப் புதியன அல்ல. இன்று அளவான உணவைப் பற்றி அலுவலகங்களும் பேசத் தொடங்கியுள்ளன. ஊழியரின் உடல் எடையைக் குறைப்பதற்கென்றே நிறுவனங்கள் திட்டங்கள் வகுத்துப் பரிசுகளும் அறிவிக்கின்றன. பெருநகரங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் இவற்றில் சேர்கின்றனர். ஆதலின் இதனை அறநோக்கில் ஆராய்வது நம் கடமையாகிறது.

இத்திட்டங்கள் நடைபெறும் முறை எளிது. ஊழியர் தம் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிக்கொள்கிறார். அன்றாடம் நடந்த அடிகளையும் உண்ட உணவின் கலோரிக் கணக்கையும் அதில் பதிகிறார். வாரந்தோறும் எடையையும் குறிக்கிறார். அவற்றிற்குப் புள்ளிகள் உண்டு. யார் முன்னே, யார் பின்னே என்ற பட்டியலும் சில இடங்களில் வெளியாகும். முடிவில் பணமோ பரிசோ காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகையோ கிடைக்கும். அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், உடல்நலத் திட்டங்களுக்கான இத்தகைய சலுகையைக் காப்பீட்டுச் செலவில் 30 விழுக்காடு வரை 2014 முதல் வழங்க இடமளித்தது. நம் நாட்டில், பெங்களூரைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா, உடல் நிறை குறியீட்டெண் 25-க்குக் கீழ் உள்ள ஊழியருக்கு அரை மாத ஊதியம் ஊக்கத்தொகை என்று 2022-இல் அறிவித்தது. ஊழியர் அனைவரின் சராசரியும் 24-க்குக் கீழ் இறங்கினால் எல்லோருக்கும் மேலும் அரை மாத ஊதியம் என்றும் கூறியது.

இவற்றால் விளையும் பயன் என்ன? 2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 160 கிளைகளும் ஏறத்தாழ 33,000 ஊழியரும் கொண்ட ஒரு விற்பனை நிறுவனத்தில், குலுக்கல் முறையில் தேர்ந்த 20 கிளைகளில் மட்டும் உடல்நலத் திட்டம் நடத்தப்பட்டது. 18 மாதங்களுக்குப் பின் நோக்கியபோது, உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று கூறியோர் அக்கிளைகளில் மிகுந்திருந்தனர். ஆனால் உடல் நிறை குறியீட்டெண், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய அளவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

பயன் இருப்பினும் இல்லாவிடினும், நம்முன் நிற்கும் வினா வேறு. தசலட்சண பர்வத்தின் பத்து நாட்களும் ஒருவேளை மட்டும் உண்டு நோன்பு நோற்கும் ஓர் இளைஞர், அந்நாட்களில் குறைந்த எடையைச் செயலியில் பதிந்து பரிசும் பெறுகிறார் என்று கொள்வோம். அவர் நோற்றது நோன்பா, கலந்துகொண்டது போட்டியா? "இரண்டும்தான், இதில் யாருக்கு என்ன தீங்கு?" என்று அவர் கேட்கக்கூடும். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

நம் ஆகமங்கள் புறத்தவம் ஆறு என வகுத்துள்ளன. அவற்றுள் முதலாவது உண்ணாமையாகிய அனசனம். இரண்டாவது குறைத்துண்ணலாகிய அவமோதரியம். ஆண்மகனின் நிறைவான உணவு 32 கவளம், பெண்ணின் உணவு 28 கவளம் என்று கணக்கிட்டு, அதனினும் குறைவாக உண்பதைத் தவம் என்றனர். எனவே எண்ணி உண்பது நமக்குப் புதிதன்று. ஆனால் அக்கணக்கு, புலன்களை அடக்கி வினைகளை உதிர்ப்பதற்காக ஏற்பட்டது. உடல் மெலிவது அதன் விளைவாகலாம், அதன் நோக்கமன்று.

விரதம் பூண்டோர் சல்லியம் அற்றவராய் இருத்தல் வேண்டும் என்கிறது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம். சல்லியம் என்பது உள்ளே தைத்துக்கொண்டு உறுத்தும் முள். மாயம், மித்தை, நிதானம் என அது மூவகைப்படும். இங்கு நிதானம் என்பது பொறுமையைக் குறிப்பதன்று. நோற்ற நோன்புக்கு ஈடாக உலக இன்பத்தை விழைவதைக் குறிப்பது.

நிதானத்தின் கேட்டினை உணர்த்த ஒரு வரலாறு உண்டு. சூளாமணிக் காப்பியத்தின் தலைவனாகிய திவிட்டன், முற்பிறவி ஒன்றில் விசுவநந்தி என்னும் முனிவராக இருந்தார் எனப் புராணம் கூறும். நோன்பினால் மெலிந்த உடலுடன் உணவு ஏற்கச் சென்றபோது, பசு ஒன்று மோத அவர் வீழ்ந்தார். பழம்பகைவனாகிய விசாகநந்தி அதனைக் கண்டு நகைத்தான். முனிவர் உள்ளம் கொதித்து, தம் தவத்தின் பயனாகப் பெருவலிமை வேண்டுமென விழைந்தார். வலிமை கிடைத்தது, திவிட்டனாய்ப் பிறந்து அரசும் ஆண்டார். ஆனால் அதன்பின் நரகமும் வாய்த்தது. தவத்தைக் கொடுத்து உடலை வாங்கியவரின் கதை இது. தவத்தைக் கொடுத்து அரை மாத ஊதியம் வாங்குவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

இதனால் எடையைக் குறைப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வருமுன் மருத்துவர் சொற்படி உணவைச் சீர்செய்வது அறிவுடைமை. அறம் செய்வதற்கும் இவ்வுடலே கருவி. நிறுவனம் அதற்குத் துணை செய்யுமாயின் நன்றியுடன் ஏற்கலாம். பரிசு தந்தால் பெற்றுக்கொள்வதிலும் குற்றமில்லை. ஆனால் மருந்தை மருந்தென்றும், போட்டியைப் போட்டியென்றும், நோன்பை நோன்பென்றும் பிரித்தறிய வேண்டும். நாள் முழுவதும் கலோரியை எண்ணிக்கொண்டே இருப்பவர் உணவைக் குறைத்திருக்கலாம். உணவைப் பற்றிய நினைவைக் குறைத்தவராகார். நோன்பு குறைக்க முனைவது அந்நினைவையே.

இன்னொன்றும் உண்டு. குழுவின் சராசரி குறைந்தால்தான் அனைவருக்கும் பணம் என்னும்போது, பருமனான ஒருவர் மற்றவர் கண்ணுக்குத் தடையாகத் தோன்றுகிறார். பிறவிக் கூற்றாலோ நோயாலோ மகப்பேற்றாலோ எடை மிகுந்தவரும் அவருள் இருப்பர். உணவு வேளையில் அவர் தட்டை நோக்கி எழும் ஒரு புன்சிரிப்பு போதும். மனத்தாலும் மொழியாலும் செய்யும் இம்சையும் இம்சையே என்று அறிந்த நாம் அதில் பங்கு கொள்ளலாகாது. விசுவநந்தியின் வீழ்ச்சியும் ஓர் ஏளனச் சிரிப்பில் தொடங்கியதே.

நிறுவனங்களிடம் நாம் கேட்கத்தக்கதும் ஒன்று உண்டு. ஊழியரின் எடையை அளக்கும் அலுவலகம், இரவு பத்து மணி வரை அவரை நாற்காலியில் அமர்த்தி வைத்தால் அந்த அக்கறை எத்தகையது? மாலையில் கதிரவன் மறையுமுன் உண்பதற்கு அரைமணி நேரம் விடுத்தால், பரிசும் பட்டியலும் இன்றியே நம் பிள்ளைகள் தங்கள் ஒழுக்கத்தைக் காத்துக்கொள்வர். அதனைத் தயங்காது கேட்கும் துணிவை நாம் அவர்களுக்கு ஊட்ட வேண்டும்.

திட்டத்தில் சேர்ந்துள்ள இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே. ஆண்டு முழுவதும் நடையும் அளவுணவும் உங்கள் செயலியில் ஏறட்டும். பர்வ நாட்கள் வரும்போது மட்டும் அக்கணக்கை மூடி வையுங்கள். அந்தப் பத்து நாட்களும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாது, எவரும் அறியாது கழியட்டும். பரிசு கைதவறினும் நோன்பு முள்ளின்றி நிற்கும்.