கவிழ்த்து வைத்த பானை

அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்கள், எஜமானர்கள் காட்டிய கிறிஸ்துவைத் தொழாமல் சாத்தானைச் சரணடைந்திருந்தால் அவர்களுடைய பக்திப் பாடல்கள் எப்படி ஒலித்திருக்கும் என்ற விபரீதமான வினாவை எழுப்பிக்கொண்டு, கறுப்பின அமெரிக்கத் தாய்க்கும் சுவிஸ் தந்தைக்கும் பிறந்த மானுவல் கான்யோ, 'ஸீல் அண்ட் ஆர்டார்' என்ற பெயரில் 2016-இல் 'டெவில் இஸ் ஃபைன்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கப் பலர் வாங்கிப் பாடும் பழைய முறையும், சங்கிலி குலுங்கும் ஓசையும், 'பிளாக் மெட்டல்' என்னும் உக்கிரமான ராக் வகையின் அலறலும் அதில் கலந்திருக்கின்றன.

இது தெய்வ நிந்தனை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. என்னை உறுத்துவது வேறொன்று: அடிமைகள் எஜமானரின் கடவுளை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று கான்யோவின் வினா முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறதே, அது உண்மையா?

1807-இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று தனி வேதாகமம் ஒன்றை அச்சிட்டபோது, மோசே தம் ஜனங்களை எகிப்திலிருந்து மீட்டுச் சென்ற சரித்திரத்தை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்; எந்தப் பக்கம் தங்களைச் சுடும் என்பதை எஜமான வர்க்கம் நன்றாய் அறிந்திருந்தது. அமெரிக்க அடிமைகளோ, எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்தும், அந்த மோசேயையே தேடிப் பிடித்துத் தங்கள் பாட்டில் குடியேற்றினார்கள். முன்னாள் அடிமைகள் முதுமையில் நினைவுகூர்ந்த காட்சி ஒன்று உண்டு: இரவில் குடிசைக்குள் கூடிப் பிரார்த்திக்கும்போது, இரும்புப் பானை ஒன்றை வாசலருகே கவிழ்த்து, விளிம்பு தரையில் முழுதும் படியாமல் சற்றே தூக்கி வைப்பார்களாம், குரலைப் பானை விழுங்கிக்கொள்ளும், எஜமானரின் பெரிய வீட்டுக்கு எட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. எஜமானரின் கடவுளைத்தான் தொழுதார்கள் என்றால், எஜமானர் காதில் விழாமல் தொழ வேண்டிய அவசியம் என்ன?

இவ்வளவு சொன்னாலும் அந்த இசைத்தட்டை என்னால் தள்ளிவிட முடியவில்லை. மேடைக்கென்று சீர்திருத்தி, அழகிய ஸ்வரக் கோவையில் அமைத்துப் பாடுபவை மெய்யான ஆன்மிகப் பாடல்கள் ஆகா என்றும், மெய்யான பாட்டு ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறக்கும் என்றும் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1934-இலேயே வாதாடினார். மேடை நாகரிகம் மூடி மறைத்த கோபத்தைக் கான்யோவின் அலறல் திறந்துவிடுகிறது.

ஆனால் இசைத்தட்டின் உறையில் இருக்கும் முகம் ராபர்ட் ஸ்மால்ஸுடையது. அதன்மேல் சாத்தானாகிய லூசிபரின் முத்திரை. 1862 மே மாதத்தில், கப்பல் தலைவனின் தொப்பியை அணிந்து, 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகக் கோட்டைகளைக் கடந்து விடுதலைக்குச் செலுத்திய அடிமை அவர். பொழுது விடியுமுன் அந்தக் கோட்டைப் பீரங்கிகளின் அடியில் கப்பல் ஊர்ந்தபோது, உள்ளே பதுங்கியிருந்த பெண்களும் குழந்தைகளும் யாரை நினைத்து வாய்க்குள் முணுமுணுத்திருப்பார்கள் என்று எண்ணும்போதெல்லாம், அந்த முத்திரையைக் கையால் துடைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது.